நித்யாவின் புருவம், என் முகத்தில்

என்னிடம் யாரும் பொய் சொல்வதில்லை. என் மேல் உள்ள மரியாதையால் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் என் வலது புருவம் செய்கிற வேலை. அது இடது புருவத்தைவிடத் தூக்கலாக நிற்கிறது. சிரித்தாலும் நிற்கும், அழுதாலும் நிற்கும், தூங்கும்போதும் நிற்கும் (இவர், என் வீட்டுக்காரர், பார்த்திருக்கிறார், பயந்தும் இருக்கிறார்). எதிரே இருப்பவர் எதைச் சொன்னாலும் நான் "அப்படியா?" என்று சந்தேகமாகக் கேட்பதுபோலத் தோன்றும்.

புருவத்தில் பச்சை குத்திக்கொள்ளலாமா என்று என் பள்ளிக்கூடத்து இளம் டீச்சர்கள் என்னிடம் வந்து கேட்பார்கள். நல்லது கெட்டது இரண்டையும் சொல்வேன். நல்லது: மழையில் அழியாது, வேர்வையில் வழியாது, காலையில் அவசரமாகக் கிளம்பும்போது கண்ணாடி தேட வேண்டாம். கெட்டது எது என்பதற்கு இந்தக் கதையைச் சொல்வேன்.

இரண்டாயிரங்களின் ஆரம்பம். பெங்களூர் முழுக்க மேம்பாலத்துக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்டின் டவுனில் என் மாமனார் கட்டிய வீட்டில் நாங்கள் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். மாமா மாநில அரசாங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அப்புறம் இவர், கொழுந்தன் முரளி, கல்யாணத்துக்குக் காத்திருந்த நாத்தனார் உமா. நான் வேலூரிலிருந்து வந்த மூத்த மருமகள், கணக்கு டீச்சர். வந்த நாளிலிருந்து அந்தக் குடும்பத்தில் எனக்கென்று ஒரு பதவி இருந்தது. பன்னீர் செம்பு.

கல்யாண சத்திரத்து வாசலில் சந்தனம், குங்குமம், கல்கண்டு வைத்த மேசை பக்கத்தில் நின்று, வருகிறவர்கள் மேல் பன்னீர் தெளிக்கிற வேலை. வேலை என்னவோ சின்னதுதான். ஆனால் அந்த இடத்தில் யாரை நிறுத்துகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வீட்டில் லட்சணமான பெண் யார் என்று ஊருக்குச் சொல்கிற இடம் அது. சமையல் நன்றாகச் செய்கிறவளைச் சமையல்கட்டுப் பக்கம் அனுப்புவார்கள், கணக்கில் கெட்டிக்காரியை மொய் எழுத உட்கார வைப்பார்கள். கணக்கு டீச்சரான என்னை மொய்க்குக் கூப்பிடாமல் வாசலில் நிறுத்தினார்கள் என்றால் என் பெருமை உங்களுக்குப் புரியும். அப்போது அந்த வீட்டில் வேறு மருமகள் இல்லை என்கிற சின்ன விஷயத்தை நான் யோசிக்கவில்லை.

பிறகு முரளிக்குக் கல்யாணம் ஆகி நித்யா வந்தாள். கோயம்புத்தூர்ப் பெண், எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் வேலை. அவளுக்குப் புருவம் என்றால் அப்படி ஒரு புருவம். அடர்த்தியாக, ஆரம்பத்தில் அகலமாக, கடைசியில் மெலிந்து, அளவெடுத்த மாதிரி. என் புருவம் ரப்பர் வைத்துப் பாதி அழித்த பென்சில் கோடு மாதிரி இருக்கும். அதுவரை அது எனக்கு ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. நித்யா வந்தபிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் அது மட்டும்தான்.

பொறாமை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் எனக்கு இருந்தது காலை காபியோடு தொடங்கும் பொறாமை. அவள் குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு வரும்போதே லட்சணமாக வருவாள். நான் அதே கதவைத் திறந்துகொண்டு வந்தால், "என்ன விஜி, உடம்பு சரியில்லையா?" என்று மாமா கேட்பார். ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது லேசாகத் தூறினால்கூட நித்யா குடையை விரித்துவிடுவாள். "பாவம், இந்த ஊர்க் குளிர் அவளுக்கு ஒத்துக்கல" என்று அத்தை உருகுவார். நான் ஆட்டோ கிடைக்காமல் தொப்பலாக நனைந்து வந்தால், "ஈரக் காலோட உள்ள வராதே" என்பார். இதிலெல்லாம் அவள் புருவத்தின் சதி இருப்பதாக எனக்குத் தோன்றியது.

உமாவுக்கு ஓசூரில் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயதார்த்தம் முடிந்து வீடு திரும்பிய அன்று, வெற்றிலை மடித்துக்கொண்டே அத்தை சொன்னார்.

"கல்யாணத்துல பன்னீர் செம்புக்கு நித்யா நிக்கட்டும். விஜி பாவம், எத்தனை வருஷமா நின்னுட்டிருக்கா."

அந்தப் "பாவம்" என்கிற வார்த்தை என்னை என்ன செய்தது என்பதை இன்றைக்கும் எழுத முடியவில்லை.

"ஐயோ, வேணாங்க அத்தை. அக்காவே நிக்கட்டும்" என்றாள் நித்யா.

அடக்கமாம். உள்ளுக்குள் சந்தோஷத்தில் மிதந்துகொண்டு வெளியே அடக்கம் காட்டுகிறாளாம். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். புருவம்தானே வித்தியாசம், அதையும் வாங்கிவிடுகிறேன் என்று.

நிரந்தர ஒப்பனை அப்போது பெங்களூருக்குப் புதுசு. கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பார்லரில் ஒரு கன்னடத்து அம்மாள் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து புருவம் குத்துகிறார் என்று பள்ளிக்கூடத்தில் பேச்சு. முரளியின் கல்யாண ஆல்பத்திலிருந்து நித்யா தனியாக இருக்கும் போட்டோ ஒன்றை உருவிக்கொண்டு போனேன் (திருட்டு இல்லை, திரும்ப வைத்துவிட்டேன்).

அந்த அம்மாள் போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பென்சிலால் என் முகத்தில் வரைந்து கண்ணாடியை நீட்டினார்.

"மேடம், இந்த போட்டோல ரைட் சைடு ஸ்வல்ப மேலே இருக்கு. சமமா பண்ணிடவா?"

பாருங்கள், இந்த இடத்தில் நான் தப்பித்திருக்கலாம். வகுப்பில் சமபக்க முக்கோணம் நடத்துகிறவள் நான். ஆனால் பொறாமைக்காரி வேறு மாதிரி யோசிப்பாள். அவள் அழகின் ரகசியமே அந்தத் தூக்கலில்தான் இருக்கிறதோ என்னவோ, அதை நான் எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும்?

"வேணாங்க. போட்டோல எப்படி இருக்கோ அப்படியே வேணும். கொஞ்சம்கூட மாறக்கூடாது."

"இது அழியாது மேடம். ஆமேலெ நன்ன கேள்பேடி."

அப்புறம் என்னைக் கேட்காதீர்கள் என்று அர்த்தம். எனக்குக் கன்னடம் நன்றாகவே வரும். அன்றைக்கு மட்டும் வரவில்லை.

மரத்துப்போகிற களிம்பு தடவினார்கள். மரத்துப்போனது களிம்பு தடவிய விரலுக்குத்தான் போலிருக்கிறது, எனக்கு ஒவ்வொரு குத்தும் தெரிந்தது. ஊசி மெஷின் நெற்றிக்குள் தையல் போடுகிற மாதிரி ஓடியது. ஒவ்வொரு குத்துக்கும் பன்னீர் செம்பு, பன்னீர் செம்பு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு கிடந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது புருவம் இரண்டும் கறுத்து வீங்கியிருந்தன. முதலில் பார்த்தவர் மாமா. சர்க்கரை வியாதிக்காரர். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணுதான்மா சாப்பிட்டேன்" என்றார். "அதுவும் சின்ன மைசூர் பாகு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்து இவர் வந்தார். என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமலே நின்று, "நிஜமாவே மீட்டிங் இருந்துச்சு விஜி. அதுக்கப்புறம்தான் படத்துக்குப் போனோம்" என்றார். படத்துக்குப் போனது எனக்கு அப்போதுதான் தெரியும்.

அத்தை பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்தார். "பச்சையா குத்திக்கிட்டு வந்திருக்கே? மூஞ்சிலயா?" என்றவர், "அது ஏன் ஒண்ணு மட்டும் மேல பாக்குது?" என்றார். வீக்கம் அத்தை, வடிந்தால் சரியாகிவிடும் என்றேன். பக்கு உதிர்ந்தது, வீக்கமும் வடிந்தது. புருவம் இறங்கவில்லை.

நித்யா மட்டும் என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு விழுங்கிக்கொண்டாள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் அத்தையிடம் போய், "பன்னீர் செம்புக்கு அக்காவே நிக்கட்டும். நான் பூ, தாம்பூலம் பாத்துக்கறேன்" என்று அடித்துச் சொல்லிவிட்டாள். தோல்வியை ஒப்புக்கொண்டாள் என்று நினைத்தேன். அன்று ராத்திரி எனக்கு நல்ல தூக்கம்.

மாப்பிள்ளை அழைப்பன்று சாயங்காலம் மெரூன் பட்டு கட்டி, வெள்ளிச் செம்பைக் கையில் பிடித்துச் சத்திரத்து வாசலில் நின்றேன். முதலில் வந்தவர் இவருடைய ஆபீஸ்காரர். பன்னீர் தெளித்தேன். அவர் நின்று, சட்டைப்பையில் தேடிப் பத்திரிகையை எடுத்துக் காட்டினார். அடுத்து ஒரு தம்பதி. "நாங்க உமாவோட ஃப்ரெண்டு அப்பா அம்மா. உமாவே நேர்ல வந்து கூப்பிட்டா" என்று விளக்கினார்கள். யாருமே சும்மா உள்ளே போகவில்லை. எல்லோரும் என்னிடம் உறவுமுறை சொல்லிவிட்டுத்தான் போனார்கள். நல்ல சஃபாரி போட்ட ஒரு மனிதர் கல்கண்டை வாயில் போட்டபடி என்னைப் பார்த்தார். வாய் அசைவது நின்றது. "சாரிம்மா, நான் இந்தக் கல்யாணம் இல்ல" என்று வந்த வழியே போய்விட்டார்.

அப்போதாவது செம்பை வேறு யாரிடமாவது கொடுத்திருக்க வேண்டும். கொடுப்பேனா?

ஓசூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டு வேன் வந்தது. சந்தாபுராவில் டிராஃபிக்கில் மாட்டி, பசியும் எரிச்சலுமாக இறங்கினார்கள். மாப்பிள்ளை அலங்கரித்த காரில் பின்னால் காத்திருந்தார். முன்னால் தட்டு வரிசையோடு வந்தவர் மாப்பிள்ளையின் பெரியம்மா. வாட்டசாட்டமான பெண்மணி. என் முன்னால் வந்து நின்றார். பார்த்தார்.

"என்னம்மா, யாருன்னு பாக்கறியா?"

"இல்லைங்க, வாங்க" என்று சிரித்தேன். அந்தப் புருவத்தோடு சிரித்தால் அது எப்படி இருக்கும் என்று நான் கண்ணாடியில் பார்த்து வைத்திருக்கவில்லை.

"சிரிப்பு வேறயா?" என்று தட்டைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டார். "மாப்பிள்ளை வீட்டை வாசல்ல நிறுத்தி நக்கலா பாக்கற வீட்டுக்குள்ள நான் வரமாட்டேன். டேய், காரைத் திருப்பச் சொல்லு."

நாதஸ்வரம் நின்றது. மாமா ஓடி வந்தார். உள்ளே அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்த உமா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் கல்யாணம் என் புருவத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். புருவம் அதையும் கேள்வியாக்கிவிட்டது.

"இன்னும் என்ன கேக்கணும்?" என்றார் பெரியம்மா.

சத்தம் கேட்டு நித்யா பூத்தட்டோடு எங்கள் நடுவில் ஓடி வந்தாள். நான் பதறித் திரும்பிய வேகத்தில் செம்பின் மூடி கழன்றுகொண்டது. உள்ளே இருந்த பன்னீர் மொத்தமும் அவள் முகத்தில்.

நித்யாவின் புருவங்கள் இரண்டும் கறுப்பாகக் கரைந்து கன்னத்தில் இறங்கின. அவை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. பென்சில் கோடுகூட இல்லை. வழவழவென்று நெற்றி கண்வரைக்கும் வந்துவிட்டது. குளியலறைக் கதவும், தூறலில் விரியும் குடையும், பன்னீர் செம்புக்கு "ஐயோ வேணாங்க" என்றதும் ஒவ்வொன்றாக எனக்கு விளங்கின.

அவள் ஓடிப் போயிருக்கலாம். நானாக இருந்தால் கோயம்புத்தூர் வரைக்கும் ஓடியிருப்பேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெரியம்மாவிடம் சொன்னாள்.

"அக்கா உங்களை நக்கலா பாக்கலைங்க. அவங்க புருவமே இனிமே அப்படித்தான். எனக்குப் புருவம் கிடையாது, ஹாஸ்டல்ல ஒருத்தி என் புருவத்துல த்ரெடிங் பழகினா, அப்புறம் முளைக்கவே இல்லை. தினம் வரைஞ்சுக்குவேன். என் கல்யாணத்தன்னைக்குக் காலையில கரண்ட் போயிருச்சு, வலது பக்கம் இருட்டுல குத்துமதிப்பா வரைஞ்சேன், மேல ஏறிருச்சு. அக்கா அந்தப் போட்டோவைப் பாத்துப் பச்சை குத்திட்டாங்க."

பிறகு என் பக்கம் திரும்பி, "அன்னைக்கே சொல்லலாம்னு வந்தேன்க்கா. சொன்னா என் புருவமும் வெளிய வந்துருமேன்னு பயந்துட்டேன்" என்றாள்.

அவளுடைய தப்பு அவள் கல்யாணத்தன்று ராத்திரியே சோப்பில் போய்விட்டது. நான் அதை ஆசை ஆசையாக என் முகத்தில் குத்தி வைத்துக்கொண்டேன்.

பெரியம்மா என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு கட்டை விரலைப் பன்னீர் ஈரத்தில் தொட்டு என் வலது புருவத்தை அழுத்தித் தேய்த்தார். விரலைப் பார்த்தார்.

"போகவே போகாதா?"

"போகாதுங்க."

"குளிச்சாலும்?"

"குளிச்சாலும்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கும் புருவத்தோட வாலைக் காணோம். எங்க போட்டே?" அவர் பக்கத்தில் நின்ற சித்தி வலிக்குமா என்று கேட்டார். இன்னொருவர் வயசானால் தோல் தொங்கும்போது புருவமும் சேர்ந்து தொங்குமா என்றார். வீங்குமா, சீழ் வைக்குமா, நரைக்குமா என்று ஆளாளுக்கு என் புருவத்தைத் தொட்டுத் தொட்டு விசாரித்தார்கள். மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கி வந்து, "நான் உள்ள வரலாமா?" என்று என்னிடம் கேட்டார். அவரும் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.

கல்யாணம் நடந்தது. உமா இன்றைக்கும் ஓசூரில் சௌக்கியம். கறுப்பு மங்கி என் புருவம் இப்போது பழைய பச்சை மாதிரி நீலம் பூத்துவிட்டது. நித்யா காலத்துக்குத் தகுந்தாற்போல ஒரு வருஷம் மெல்லிசாக, ஒரு வருஷம் பட்டையாக வரைந்துகொள்கிறாள். எனக்கு இன்னமும் பொறாமைதான், ஆனால் இப்போது அவளுடைய பென்சில் மேல். "கல்யாணத்தன்னைக்கு நித்யா எப்படி இருந்தான்னு பாக்க ஆல்பம் எதுக்கு, அண்ணியைப் பாத்தா போதும்" என்பான் முரளி.

பன்னீர் செம்பு அதோடு போயிற்று. அதற்குப் பிறகு எங்கள் வீட்டு விசேஷங்களில் என்னைப் பந்தி வாசலில்தான் நிறுத்துகிறார்கள். அழையாத ஒருவர் இதுவரை என்னைத் தாண்டிப் போனதில்லை. நடக்காத காரியத்துக்கு எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சும் வந்துவிட்டது. முரளி எப்போது சிகரெட்டை விடுவான் என்று கேட்டால் "விஜி புருவம் இறங்கும்போது" என்பார்கள். எங்கள் தெருவுக்குத் தார் எப்போது போடுவார்கள் என்றாலும் அதே பதில்தான்.

போன மாதம் உமாவின் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற பேச்சு வந்தது. அத்தைக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. அந்தத் தைரியத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அத்தை, இந்தக் கல்யாணத்துலயாவது பன்னீர் செம்பை எனக்குக் குடுப்பீங்களா?"

அத்தை வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"குடுக்கறேன்மா. புருவம் இறங்கட்டும்."