ஆறுதலாக வாரும்

உயிரோடு இருந்த ஒரு மனிதருக்கு மலர்வளையம் வைத்து, தெருவே கூடும்படி அழுதவன் நான். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. என் மனைவி தனலட்சுமி சொல்ல ஆரம்பித்தால் அந்த அழுகை இன்னும் இரண்டு நிமிஷம் நீண்டுவிடும்.

சின்ன வயதிலிருந்தே எனக்குச் சாவு புத்தி. தபால்காரர் வாசலில் நின்றால் யார் போய்விட்டார்கள் என்றுதான் மனம் கேட்கும். இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. என் அப்பா முப்பத்திரண்டு வயதில் நெஞ்சு நோயில் போனார். அண்ணன் அந்த வயதைத் தொடுவதற்குள்ளேயே இருமி இருமிப் போனான். இந்தக் கதை நடந்தபோது எனக்கு முப்பத்தொன்று நடந்துகொண்டிருந்தது. பினாங்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா வேலை. சரக்குப் பட்டியல் எழுதிக்கொண்டே, அடுத்த வருஷம் இந்த நாற்காலியில் யார் உட்காரப் போகிறார்கள் என்று யோசிப்பேன். (பக்கத்து மேசை சுப்பையாவுக்கு அதன் மேல் ஒரு கண் இருந்தது. ஜன்னலோர நாற்காலி.)

அந்த வருஷம் எனக்கும் இருமல் வந்தது. எங்கள் ஆபீசில் வேலை பார்த்த கதிரவேலு என்னை ஒரு டிரெசரிடம், அதாவது டாக்டர் இல்லாத இடத்தில் வைத்தியம் பார்க்கிறவரிடம், அழைத்துப் போனார். கதிரவேலு யாழ்ப்பாணத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு சைக்கிளில் தீவைச் சுற்றி வருகிறவர். டிரெசர் அம்பலவாணரும் அவர் ஊர்தான். மலைக்கு அந்தப் பக்கம் பாலிக் புலாவில் இருந்த சின்ன மருந்தகத்தில் அவருக்கு வேலை. மாதம் ஒரு தடவை டவுனுக்கு வருவார். நாற்பது வயது இருக்கும். என் நெஞ்சில் குழாயை வைத்து முன்னும் பின்னும் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். நான் மனசுக்குள் தனலட்சுமியிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தேன்.

“தம்பி, உமக்கு நெஞ்சில ஒண்டும் இல்லை. பயந்தான் இருக்கு,” என்றார். “சைக்கிள் ஓடிப் பழகும். ஒரு நாளைக்கு மலை ஏறி என்ரை வீட்டுக்கு வாரும். வந்த உடனே குழாய் வச்சுப் பாத்து, நீர் எத்தினை வயசு மட்டும் இருப்பீர் எண்டு சொல்லுறன்.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சொந்தக் காலால் மிதித்து அந்த மலையைத் தாண்டி, அந்த மனிதர் வாயால் ‘நீர் இருப்பீர்’ என்று கேட்டுவிட்டால் நான் பிழைத்தேன். இல்லாவிட்டால் சுப்பையாவுக்கு ஜன்னலோரம்.

பழைய சைக்கிள் ஒன்று கிடைத்தது. இரும்புக் கட்டில் அளவு கனம். விடியற்காலையில் எழுந்து ஆயர் ஈத்தாம் வரை போய்த் திரும்புவேன். முதல் வாரம் பாதி தூரம் சைக்கிள்தான் என்னை நடத்திக்கொண்டு போனது. சூலியா தெருக் கடையில் அரை வேக்காட்டு முட்டை இரண்டு தினமும் விழுங்கினேன். (எனக்கு முட்டை வாசனையே ஆகாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். கடைக்காரர் என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.) மூன்றாம் மாதம் தஞ்சோங் பூங்கா வரை கடலோரமாகப் போனேன். காற்று சட்டைக்குள் புகுந்து முதுகை உப்ப வைத்தது. தலையில் ஒரு சாவும் இல்லாமல் அரை மணி நேரம் கழிந்தது எனக்கு அன்றைக்குத்தான் முதல் தடவை. சந்தோஷமாக இருந்தது. வீடு திரும்பும் வழியில், இவ்வளவு சந்தோஷம் உடம்புக்கு ஆகுமா என்ற கவலை வந்துவிட்டது.

கிளம்பும்போதெல்லாம் தனலட்சுமியிடம் அலமாரிச் சாவி எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போவேன்.

“தெரியும் லா,” என்பாள். “நேத்தும் சொன்னீங்க. சாவி இருக்கு, நீங்களும் இருக்கீங்க. வரும்போது பாசார்ல கீரை வாங்கிட்டு வாங்க.”

ஆறு மாதம் கழித்து அந்த ஞாயிறு வந்தது. ஐந்து பேர் கிளம்பினோம். புறப்படும் இடத்திலேயே கதிரவேலு ஒரு செய்தி சொன்னார். அம்பலவாணருக்கு மலேரியா வந்து, பத்து நாள் நினைவில்லாமல் கிடந்தாராம். “இப்ப காய்ச்சல் விட்டிட்டுது. ஆனா சரியான மெலிவு. நாங்கள் வாறம் எண்டு சொன்னதில அவருக்குப் பெரிய சந்தோஷம்.”

மற்ற மூவரும் காய்ச்சல் விட்டது என்பதைக் கேட்டார்கள். நான் நினைவில்லாமல் கிடந்தார் என்பதை மட்டும் கேட்டேன்.

மலையடிவாரத்துக்கு வரும்போதே தூறல். ஏற்றத்தின் பாதியில் என் பின்சக்கரம் புஸ்ஸென்று அடங்கியது. எல்லோரும் இறங்கினார்கள். நான்தான் வீராப்பாக, “நீங்க போங்கண்ணே, நான் ஒட்டிட்டு வந்துர்றேன்,” என்றேன். கதிரவேலு, மேலே தேத்தண்ணிக் கடையில் தகவல் வைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஈரத்தில் பசை பிடிக்கவில்லை. மூன்று தடவை ஒட்டி, மூன்று தடவையும் பிரிந்து, கடைசியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மேலே போய்ச் சேர்ந்தேன்.

கடைக்காரர் இபுராகிம், தகர டப்பாவுக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். பாலிக் புலாவிலிருந்து ஏறி வந்த ஒரு லாரிக்காரர் கொடுத்துவிட்டுப் போனாராம். கதிரவேலுவின் முத்து முத்தான கையெழுத்து:

‘அம்பலவாணர் வீட்டில் நிற்கிறோம். இனி அவசரம் இல்லை. ஆறுதலாக வாரும்.’

கடைப் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்தேன்.

யாழ்ப்பாணத்தார் என் மேல் கோபப்படக் கூடாது. நான் பினாங்கில் பிறந்தவன், அப்பா கும்பகோணத்துப் பக்கம். எங்கள் பேச்சில் ஆறுதல் என்ற சொல்லுக்கு ஒரே இடம்தான் உண்டு. சாவு விழுந்த வீட்டுக்குப் போய், கையைப் பிடித்துக்கொண்டு சொல்வது ஆறுதல். அதற்கு முன்னால் ‘இனி அவசரம் இல்லை’ என்று வேறு எழுதியிருந்தால், என்னைப் போன்றவன் வேறு எப்படிப் படிப்பான்?

“என்னா தம்பி, மொகம் இப்படி வெளுத்துப் போச்சு?” என்றார் இபுராகிம்.

“டிரெசர் போயிட்டாருண்ணே.”

“யாரு, அம்பலவாணரா? அல்லாவே! போன மாசம்தான் என் காலுப் புண்ணுக்கு மருந்து குடுத்தாரு லா!” அவரும் தலையில் கைவைத்துக்கொண்டார். பஞ்சரை அவரே சூடு காட்டி ஒட்டிக் கொடுத்தார்.

இறக்கம் முழுவதும் அழுதுகொண்டே போனேன். ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அந்த அழுகையில் முக்கால் பங்கு எனக்காக. எனக்குத் தீர்ப்பு சொல்ல இருந்த ஒரே மனிதர் போய்விட்டார், இனி என் நெஞ்சைப் பற்றி யார் சொல்லுவார்கள் என்பதுதான் அப்போது பெரிய துக்கமாக இருந்தது. பாலிக் புலாவ் கடைத்தெருவில் ஒரு சீனர் கடையில் ஊதாக் காகிதப் பூ வைத்த மலர்வளையம் தொங்கியது. வாங்கி ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டேன். மழை வலுத்தது. காகிதச் சாயம் கரைந்து என் வெள்ளைச் சட்டை, கால்சட்டை, முழங்கால் எல்லாம் ஊதாவாக வழிந்தது.

அம்பலவாணர் வீட்டு வாசலில் கண்ட காட்சி என் சந்தேகத்தைத் துடைத்தது. முன் வராந்தாவில் நாலு பேரும் சட்டையில்லாமல், தோளில் துண்டோடு, பாயில் தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பேசவில்லை. நடுவில் சாய்வு நாற்காலியில் அம்பலவாணர் நீட்டிப் படுத்திருந்தார். முகத்தின் மேல் ஒரு வெள்ளைத் துண்டு.

(நனைந்த சட்டைகள் பின்பக்கம் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. மலையேறிய களைப்பு. டிரெசர் கஞ்சி குடித்துவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். ஈ மொய்க்காமலிருக்கத் துண்டு. இதையெல்லாம் பிறகுதான் சொன்னார்கள்.)

சைக்கிளைக் கீழே போட்டேன். வளையத்தை அவர் மார்பில் வைத்தேன். காலைக் கட்டிக்கொண்டேன்.

“ஐயோ அண்ணே! போயிட்டீங்களா! நான் மலை ஏறி வந்துட்டேனே! இனிமே என் நெஞ்ச யாரண்ணே பாப்பாங்க!”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எதிர் வீட்டுச் சீனக் கிழவர் வெளியே வந்தார். அடுத்த வீட்டு மலாய்ப் பெண்கள் வேலிக்கு வந்தார்கள். துண்டு மெல்ல விலகியது. அதற்கு அடியில் ஒரு மீசையும், கலங்கிய இரண்டு கண்ணும்.

“ஆர் காணும் செத்தது?” என்றார் அம்பலவாணர்.

நான் அலறியது அதற்கு முன்பு அலறியதைவிடப் பெரிது.

உள்ளேயிருந்து அவர் மனைவி தங்கரத்தினம் அக்கா ஓடிவந்தார். கணவரின் வெள்ளை வேட்டியில் ஊதாச் சாயம் பரவுவதையும், மார்பில் கிடந்த வளையத்தையும் பார்த்தார். பார்த்த இடத்திலேயே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“பத்து நாள் நான் கண் மூடேல்லை,” என்றார். சத்தமே இல்லாத குரல். “நேத்துத்தான் ரெண்டு வாய் கஞ்சி இறங்கினது. நீர் பூவோட வந்து நிக்கிறீர். உமக்கு என்ன விசரோ?”

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கூசியது வேறெப்போதும் இல்லை. சட்டைப்பையிலிருந்து ஈரக் காகிதத்தை எடுத்துக் கதிரவேலுவிடம் நீட்டினேன்.

“நீங்கதானண்ணே ஆறுதலா வரச் சொல்லி எழுதினீங்க!”

“ஓம், எழுதினனான். ஆறுதலா எண்டால் மெல்ல மெல்ல, களைக்காம. நீர் அவசரப்பட்டு விழுந்து கிடக்கப் போறீர் எண்டு!”

“எங்க ஊர்ல ஆறுதல்னா எழவு வீட்ல சொல்றதுண்ணே!”

அம்பலவாணரின் வயிறு குலுங்க ஆரம்பித்தது. வளையமும் சேர்ந்து குலுங்கியது. மெலிந்த உடம்பு, சிரிக்கச் சிரிக்க மூச்சு வாங்கியது, நிறுத்த முடியவில்லை. கையால் என்னைக் கிட்ட வரச் சொன்னார். நான் குழாயைத் தேடினேன்.

“குழாய் ஒண்டும் வேண்டாம். இந்தச் சத்தம் போடுற நெஞ்சுக்கு நோய் வருத்தம் ஒண்டும் வராது. நீர் எங்கள் எல்லாரையும் எரிச்சுப் போட்டுத்தான் போவீர்.”

தங்கரத்தினம் அக்கா அன்று என்னைக் கிணற்றடியில் தலைமுழுக வைத்து, எல்லோருக்கும் கடைசியாகச் சோறு போட்டார். முகம் கொடுத்துப் பேசவில்லை. மற்றவர்கள் சிரித்துக்கொண்டே தீவைச் சுற்றி முடித்தார்கள். நானும் ஊதா உடம்போடு அவர்கள் பின்னாலேயே மிதித்து முடித்தேன்.

எங்கள் வீட்டில் கதையை இங்கே நிறுத்திவிடுவார்கள். நான் வெளியே கிளம்பினால் பிள்ளைகள், “ஆறுதலா வாங்கப்பா,” என்பார்கள். தனலட்சுமி உள்ளேயிருந்து, “எந்தத் தமிழ்ல?” என்று கேட்பாள். விருந்தாளிகள் சிரிப்பார்கள். மிச்சத்தை அவர்கள் சொல்வதில்லை.

அதன்பின் ஏழு வருஷம், வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை அந்த மலையை ஏறினேன். முப்பத்திரண்டு வந்தது, போனது. ஒவ்வொரு தடவையும் அம்பலவாணர் வாசலில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு எனக்காகப் படுத்திருப்பார். எட்டாம் வருஷம் ஒரு சனிக்கிழமை காலை, பஸ் கண்டக்டர் ஒருவர் ஆபீசில் சீட்டு ஒன்று கொடுத்துவிட்டுப் போனார். கதிரவேலுவின் கையெழுத்து. ‘அம்பலவாணர் வீட்டில் நிற்கிறேன். ஆறுதலாக வாரும்.’

வாய்விட்டுச் சிரித்தேன். சுப்பையாவிடம் காட்டினேன். அவனும் சிரித்தான். எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத் தமிழ் முழுவதும் அந்த ஒரு சொல்தான், அதைச் சரியாகப் புரிந்துகொண்ட பெருமை எனக்கு. மத்தியானம் வேலை முடிந்து, பஸ்ஸில் போகாமல் சைக்கிளை எடுத்தேன். மெல்ல மெல்ல, களைக்காமல் மிதித்தேன். கடலைப் பார்த்தேன். வழியில் ஒரு குலை ரம்புத்தான் வாங்கி ஹாண்டில்பாரில் மாட்டினேன். இபுராகிம் கடை பூட்டியிருந்தது. ஏன் என்று அப்போதும் நான் யோசிக்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. சுடுகாட்டிலிருந்து திரும்பியவர்கள் ஈரத் தலையோடு வாசலில் நின்றார்கள். இபுராகிமும் ஒரு ஓரமாக நின்றார். வராந்தாவைக் கழுவி விட்டிருந்தார்கள். சாய்வு நாற்காலியை மடக்கிச் சுவரில் சாத்தியிருந்தார்கள்.

கதிரவேலு என் ரம்புத்தானைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

“உமக்கு விளங்கட்டும் எண்டு,” என்றார், “உம்முடைய தமிழிலதானே எழுதினனான்.”

ஏழு வருஷம் பழகி, என் அர்த்தத்தை அவர் கற்றுக்கொண்டார். அவர் அர்த்தத்தை நான் கற்றுக்கொண்டேன். அன்றைக்கு அழுததில் கால் பங்குகூட இப்போது வெளியே வரவில்லை. உள்ளே போய்த் தங்கரத்தினம் அக்கா முன்னால் நின்றேன். அழுது அழுது வற்றிப்போன முகம். என் கையிலிருந்த குலையை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். அவர் என்னைத் திட்டவில்லை.

“அண்டைக்கு முந்தி வந்தீர்,” என்றார். “இண்டைக்குப் பிந்தி வந்திட்டீர், தம்பி.”