இரண்டாம் வயலினுக்குப் பதவி உயர்வு

கலை வளர்ச்சித் துறை ஒரு நாள் கலையை வளர்ப்பது என்று முடிவு செய்தது. துறை தொடங்கி வெகுகாலம் ஆகிவிட்டிருந்ததால் இதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

சலவைக் கடை மாடியில் ஒரு குறுகலான அறை. கீழிருந்து வரும் இஸ்திரி ஆவியில் கம்பிகள் சுருதி இறங்க இறங்க, திருகித் திருகிச் சரிசெய்துகொண்டே அங்கே நான்கு பேர் வாசித்துவந்தார்கள். இரண்டு வயலின், வயலினுக்கு அக்கா மாதிரி கொஞ்சம் பெரிதாக, தடித்த குரலோடு ஒரு வயோலா, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் செல்லோ. எல்லாரும் இசைக் கல்லூரியை முடித்த சின்ன வயசுக்காரர்கள். கல்யாண வரவேற்புகளில் தட்டுச் சத்தத்துக்குப் பின்னணி வாசித்துப் பிழைத்த இவர்களைத் துறை அப்படியே அள்ளி, நிரந்தர அரசுப் பணியில் அமர்த்தியது.

இரண்டாம் வயலின் வாசித்த பெண்ணை வீட்டில் பாப்பா என்பார்கள். குழுவிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. செய்தி கேட்டு முதல் ஆளாக அத்தை வந்து சேர்ந்தாள்.

"என்ன வேலைடி?"

"இரண்டாம் வயலின், அத்தை."

"ரெண்டாவதா? அப்ப முதல் யாரு?"

"நெட்டைன்னு ஒருத்தன். என்கூடப் படிச்சவன்தான்."

"கூடப் படிச்சவன் முதல், நீ ரெண்டாவதா? அப்பவே ஒழுங்காப் படிச்சிருக்கலாம்ல?"

"அப்படி இல்ல அத்தை. அவன் பாட்டை எடுத்துட்டு முன்னால ஓடுவான். அது எந்தப் பக்கம் சாயணும்னு நான் கீழ இருந்து சொல்லுவேன். நான் ஒரு சுரத்தை லேசா மாத்தினாப் போதும், சிரிச்சிட்டிருந்த பாட்டு கண்ணைத் துடைச்சுக்கும்."

"அதெல்லாம் சரி. பிரமோஷன் எப்ப?"

அத்தை போய்விட்டாள். கேள்வி போகவில்லை. தண்ணீர் வாரியத்தில் படிப்படியாக ஏறி ஓய்வுபெற்ற அப்பாவுக்கு டீ கூட இறங்கவில்லை. மறுநாள் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மகளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், துணை இயக்குநரைப் போய்ப் பார்த்தார்.

"சார், என் பொண்ணு ரெண்டாம் வயலின். எப்ப சார் முதல் வயலின் ஆவா?"

துணை இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார். பதவி உயர்வே இல்லாத ஒரு பதவி தன் கூரையின் கீழ் இருக்கிறது என்று அவருக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. நல்ல மனிதர். ஊழியர் நலன் என்றால் உருகிவிடுவார்.

"இது அநீதிங்க. உடனே சரி பண்ணிடலாம்" என்றார்.

அந்த வாரமே பாப்பா முதல் வயலின் ஆனாள். நெட்டையைக் கீழே இறக்க விதியில் இடமில்லை. எனவே அவனை முதுநிலை முதல் வயலின் ஆக்கினார்கள். மேலதிகாரியும் கீழே உள்ளவரும் ஒரே வேலையைச் செய்வது நிர்வாகத்துக்கு அழகல்ல என்பதால், பாப்பா வாசிப்பதை அவன் மேற்பார்வை மட்டும் பார்க்க வேண்டும் என்றும் தெளிவுபடுத்தப்பட்டது.

வயோலாக்காரி சும்மா இருப்பாளா? "சார், அவங்களோடத விட என் வாத்தியம் பெரிசு. நான் மட்டும் கீழயா?" என்று கேட்டாள். அளவு நாடா வரவழைக்கப்பட்டது. அளந்து பார்த்ததில் புகார் உண்மை என்று தெரிந்தது. அவள் கண்காணிப்பாளர் ஆனாள்.

"என்னோடது எல்லாத்தையும் விடப் பெரிசு. உக்காந்துதான் வாசிக்கவே முடியும்" என்றான் செல்லோக்காரன்.

"அப்ப ஏற்கெனவே நாற்காலி இருக்கா?" என்று வியந்தார் துணை இயக்குநர். நாற்காலி இருக்கிறவனை அதிகாரி ஆக்காமல் என்ன செய்வது? அவன் தலைமை ஒருங்கிணைப்பாளர் ஆனான்.

ஆளுக்கொரு அறை, கதவில் பெயர்ப்பலகை, கூப்பிட ஒரு மணி. உள்ளதைச் சொன்னால், கொஞ்ச நாள் எல்லாருக்கும் பிடித்துத்தான் இருந்தது. வயோலாக்காரி மணியடித்துத் தண்ணீர் கேட்பாள். செல்லோக்காரன் பதிலுக்கு மணியடித்து, அவள் மணி சுருதி இறங்கியிருக்கிறது என்று சொல்லி அனுப்புவான். அத்தை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். அப்பாவுக்கு டீ இறங்கியது.

பாப்பாதான் தவித்தாள். முதல் வயலினின் பாட்டை அவளால் வாசிக்க முடியும். ஆனால் சாய்த்துவிடக் கீழே ஆள் இல்லாமல், பாட்டு விறைத்த கழுத்தோடு நேரே நடந்தது. அவளும் கொஞ்ச நாள்தான் வாசித்தாள். காலியான இரண்டாம் வயலின் இடத்தை நிரப்பும் பொறுப்பை அவளுக்கே கொடுத்து, அந்தப் பொறுப்புக்கு வாசிப்பு இடையூறாக இருக்கும் என்று மற்றவர்களுடையதைப் போலவே அவள் வயலின் வில்லையும் வாங்கி அலமாரியில் பூட்டி வைத்துவிட்டார்கள்.

இந்த நேரம் பார்த்துப் புதிய அரங்கத் திறப்பு விழா வந்தது. அமைச்சர் வருகிறார், நால்வர் குழு வாசிக்க வேண்டும். நால்வரும் வாசிக்கும் தகுதியைக் கடந்து மேலே போய்விட்டதால், அவசரமாக நான்கு தற்காலிகப் பிள்ளைகளை எடுத்தார்கள். ஆனால் மேடை நிரந்தர ஊழியருக்கு மட்டுமே உரியது. ஆகவே நிரந்தரங்கள் மேடையில் பதவி வரிசைப்படி அமர்வது, தற்காலிகங்கள் திரைக்குப் பின்னால் நின்று வாசிப்பது என்று முடிவாயிற்று. செல்லோவை நின்றுகொண்டு வாசிக்க முடியாது என்று அதை வாசிக்க வந்த பிள்ளை சொன்னபோது, அமர்வது தலைமை ஒருங்கிணைப்பாளரின் உரிமை என்று விளக்கினார்கள். அவன் மண்டிபோட்டு வாசித்தான்.

விழா தொடங்கியது. மேடையில் நால்வரும் மடியில் கை வைத்து அமர்ந்திருந்தார்கள். பின்னாலிருந்து பாட்டு வந்தது. அமைச்சர் தலையாட்டினார், அரங்கமே தலையாட்டியது. வாத்தியமே இல்லாத நால்வரிடமிருந்து இசை வருவதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பாப்பாவின் விரல்கள் மட்டும் தொடையில் தாளம் தப்பாமல் ஓடிக்கொண்டிருந்தன. மெதுவான பகுதி வந்தது. பாட்டு சாய வேண்டிய இடம் நெருங்கியது. பின்னால் இரண்டாம் வயலின் வாசித்த தற்காலிகப் புதுப் பெண் பயத்தில் தயங்கி நின்றுவிட்டாள். பாப்பாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்தாள், திரையை விலக்கினாள், "குடும்மா" என்று வயலினை வாங்கித் தோளில் வைத்தாள்.

பாட்டு சாய்ந்தது. முன்வரிசையில் அமைச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மறுநாள் காலை விசாரணை.

"பணி நேரத்துல வாசிச்சீங்களா?" என்று கேட்டார் துணை இயக்குநர்.

"வாசிச்சேன் சார்."

"மேலதிகாரி அனுமதி?"

"கேக்கலை."

"ஏம்மா இப்படி? அப்பாவுக்காக எவ்வளவு பாடுபட்டு உங்களை மேல கொண்டு வந்தேன்!" அவருக்குக் குரல் உடைந்தது. "விதிப்படி கீழ இறக்கணும். இரண்டாம் வயலின்தான். என்னால வேற எதுவும் செய்ய முடியலை."

பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை வேறெங்கே ஒளிப்பது?

வெளியே வராந்தாவில் மற்ற மூவரும் நின்றிருந்தார்கள்.

"என்னாச்சு?" என்றான் நெட்டை.

"தண்டனை. திரும்ப ரெண்டாம் வயலின்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வயோலாக்காரி அப்படியே போய் வில்கள் இருந்த அலமாரியின் பூட்டை உடைத்து, துறைத் தலைவர் கூட்டம் நடத்திக்கொண்டிருந்த அறை வாசலில் நின்று வாசித்தாள். செல்லோக்காரன் மின்தூக்கிக்குள் நாற்காலியைப் போட்டு வாசித்தான். மேற்பார்வையாளனான நெட்டையோ இருவரையும் பிடிப்பதாகச் சொல்லிக்கொண்டு கூடவே வாசித்தான். மாலைக்குள் நால்வரும் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகி, பழைய பதவிக்கே இறங்கி, கையில் வாத்தியத்தோடு தரைத்தள அறைக்குத் தள்ளப்பட்டார்கள்.

அதன்பிறகு அந்தக் குழு வாசித்த வாசிப்பு இருக்கிறதே! அரங்கம் நிரம்பி வழிந்தது. ஒழுக்கம் கெட்ட ஊழியர்களைப் பார்க்க மக்கள் வரிசையில் நின்றார்கள். அப்பா கூட ஒரு மாலை வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் மூக்கைச் சிந்தினார்.

மேலே காலியான இடங்களை அப்படியே விட முடியுமா? திரைக்குப் பின்னால் வாசித்த தற்காலிகப் பிள்ளைகளை நிரந்தரமாக்கி அந்த அறைகளில் உட்கார வைத்தார்கள். பெயர்ப்பலகை வந்தது, மணி வந்தது, வில்லுக்குப் பூட்டு வந்தது.

ஒரு நாள் ஒத்திகை முடிந்ததும் அந்தப் புதுப் பெண் தரைத்தளத்துக்கு இறங்கி வந்து, பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, மேல எனக்கு மூச்சு முட்டுது. வாசிக்கணும்போல இருக்கு. நீங்க சொன்னா சார் கேப்பாராம். எப்படியாவது எனக்கும் ஒரு தண்டனை வாங்கிக் குடுங்கக்கா."

பாப்பாவுக்கு நெஞ்சு இளகியது. ஒரு வார்த்தை சொல்லலாம், தப்பே இல்லை என்றுதான் நினைத்தாள். அப்புறம்தான் யோசனை ஓடியது. இரண்டாம் வயலின் இடம் ஒன்றுதான் இருக்கிறது. இவள் கீழே இறங்கினால் பணிமூப்புப்படி யார் மேலே போக வேண்டியிருக்கும்?

வயலினை உறையில் வைத்துப் பொத்தானைப் போட்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஆவன செய்யப்படும்" என்றாள்.