அத்தானின் தீப்பெட்டிப் படங்கள் ஏலம் போன விவரம்

திருவொற்றியூர்,
வெள்ளிக்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய அத்தான் சிவந்தி அவர்களுக்கு மைத்துனன் உச்சிமாகாளி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் ராமசெல்வியும் மகள் சுஜாவும் சௌக்கியம். சௌக்கியம் என்றால், மூன்று பேரும் நடமாடுகிறோம், மூன்று பேர் மேலும் மீன் வாடை அடிக்கிறது, மற்றபடி குறையில்லை. அங்கே கோவில்பட்டியில் தங்கள் ரத்தக்கொதிப்பும் ஆவுடையம்மாள் அக்காவின் முழங்கால் வலியும் கட்டுக்குள் இருக்கக் குலசாமியை வேண்டிக்கொள்கிறேன். ரத்தக்கொதிப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாய்வாக உட்கார்ந்து, மேற்கொண்டு படிக்கவும்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் முதல் வரியிலேயே கத்துவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச வழியில்லை.

விஷயம் இதுதான். வீட்டை இடித்துக் கட்டும்வரை பத்திரமாக இருக்கட்டும் என்று என் எர்ணாவூர் குடோனில் வைக்கக் கொடுத்தீர்களே, தீப்பெட்டிப் படங்கள் ஒட்டிய ஆல்பங்கள், அந்தப் பச்சை டிரங்குப் பெட்டி மழைத் தண்ணீரில் முங்கிவிட்டது. அப்பா அக்காவுக்குச் சீராகக் கொடுத்த பெட்டி. (ஓரவஞ்சனை கூடாது என்று எனக்கும் அதே மாதிரி ஒன்று வாங்கித் தந்தார், அது கிடக்கட்டும்.) மாசக் கடைசியில் சங்க மண்டபத்தில் கண்காட்சி என்று தாங்கள் நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் கொடுத்துவிட்டது எனக்குத் தெரியும். அச்சுக்காரன் கப்பலைக் கவிழ்த்து அடித்துவிட்ட அந்தத் தலைகீழ்க் கப்பல் படத்தைப் பார்க்க மட்டுமே மதுரையிலிருந்து ஆட்கள் வருவதும் தெரியும். அக்காவையே அந்தப் படத்தைத் தொட விடாத மனிதர் தாங்கள். இதையெல்லாம் நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெட்டியை ஏன் தரையில் வைத்தாய் என்பீர்கள். மேல் தட்டில் அப்பளம் இருந்தது அத்தான். நனைந்த அப்பளத்தை எவன் வாங்குவான்? டிசம்பர் மழையில் குடோனுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து, ஷட்டரைத் திறந்தவுடன் உங்கள் பெட்டிதான் முதலில் என் காலில் இடித்தது. திறந்தேன். உள்ளே தடித்தடியான நோட்டுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, மேலெல்லாம் சேறு அப்பிக் கட்டியாகக் கிடந்தன. நான் பேப்பர் கடை வைத்து நொடித்தபோது தங்களுக்குக் கொடுத்த காலிகோ அட்டை நோட்டுகள்தானே, பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிட்டது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன். அருகில் நின்ற ராமசெல்வி, "ஏங்க, இந்தப் பெட்டி வந்து..." என்று ஏதோ ஆரம்பித்தாள். "இந்த நேரத்தில் வாயைத் திறக்காதே, அத்தானுக்கு நான் என்ன பதில் சொல்வேன்" என்று அடக்கிவிட்டேன். அதன் பிறகும் இரண்டு மூன்று தடவை ஆரம்பித்தாள். ஒவ்வொரு தடவையும் அடக்கினேன்.

தண்ணீரில் விழுந்த செல்போனை அரிசிக்குள் புதைத்தால் ஈரத்தை இழுத்துவிடும் என்பது ஊரறிந்த வைத்தியம். மளிகை மொத்த வியாபாரிக்கு இது ஒரு விஷயமா? ஆனால் அரிசி விற்கிற விலையில் மனசு வரவில்லை, பச்சைப்பயறு மூட்டையைப் பிரித்து நோட்டுகளை உள்ளே புதைத்து வைத்தேன். பயறு ஈரத்தை இழுத்ததா என்றால், நன்றாகவே இழுத்தது. இழுத்து முளை விட்டுவிட்டது. அத்தான், நோட்டுகளுக்குள்ளிருந்து முளை எட்டிப் பார்க்கிறது! நான் ஒவ்வொன்றாகப் பிடுங்க உட்கார்ந்தபோது சுஜா ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "அப்பா, நனைஞ்ச புத்தகத்தப் பிரிக்கவே கூடாதாம். பிரிச்சா படமெல்லாம் பிஞ்சுரும். உடனே ஃப்ரீசர்ல வச்சு உறைய வச்சுட்டா பூஞ்சை பிடிக்காது, அப்புறம் மெல்லக் காய வச்சுக்கலாம். பெரிய பெரிய நூலகத்துல எல்லாம் இப்படித்தான் செய்யுதாங்க" என்று செல்போனில் காட்டினாள். உலகமே பிரிக்காதே என்று சொல்லும்போது நான் பிரிப்பேனா? ஒரு அட்டையைக்கூட நான் திறந்து பார்க்கவில்லை. அவ்வளவு பொறுப்பாக நடந்துகொண்டேன் என்பதைத் தாங்கள் மறக்கக் கூடாது.

எங்கள் ஃப்ரீசரில் ஒரு ஐஸ் தட்டு வைக்கவே இடமில்லை. என் கடையில் படகுக்கு அரிசி பருப்பு ஏற்றும் தண்டபாணியிடம் போனேன். காசிமேட்டில் சொந்த விசைப்படகு, மீன் வைக்க ஐஸ் ரூமில் இடம், நல்ல மனுஷன். நான் அழாத குறையாகச் சொன்னதைக் கேட்டு, "இன்னாத்துக்கு பேஜாராவுற மாமு? ரெண்டாளு நீட்டுச் சுறாவே நம்ம ஐஸ்ல கெடாம கீது, உன் புக்கு கெட்டுறுமா?" என்று சிரித்தார். முளைப்பயறோடு நோட்டுகளை மீன் பெட்டிகளில் அடுக்கி, மேலே தூள் ஐஸைக் கொட்டி, உள்ளே தள்ளிவிட்டோம். அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அந்த நிம்மதியை விதி எங்கே விட்டுவைத்தது? தண்டபாணி கடலுக்குப் போய்விட்டார். போகும்போது தன் சம்சாரம் பச்சையம்மாவிடம் ஐஸ் ரூமில் புத்தகம் இருக்கிறது என்று சொல்ல மறந்துவிட்டார். சொல்லியிருந்தாலும் எந்தப் பெண்பிள்ளை நம்பும்? துறைமுகத்தில் மீன் வரத்து குறைந்த நாள், பச்சையம்மா ஐஸ் ரூமிலிருந்த பெட்டிகளை எல்லாம் வெளியே எடுத்து ஏலத்தில் வைத்துவிட்டார். தண்டபாணி பெட்டி என்றால் காசிமேட்டில் ஐஸைத் தள்ளிப் பார்க்கும் வழக்கமில்லையாம், அவ்வளவு நாணயம். அந்த நாணயத்தை நம்பி ஏலம் ஏறு ஏறு என்று ஏறியிருக்கிறது. கடைசியில் கருவாட்டுக்கார அம்மு எடுத்திருக்கிறாள். அத்தான், தங்கள் சேகரிப்புக்கு ஊரில் எவனும் மதிப்புக் கொடுப்பதில்லை என்று வருத்தப்படுவீர்களே, காசிமேட்டில் அதற்குப் போட்டி போட்டிருக்கிறார்கள்.

ஐஸ் ரூம் பையன் என்னைக் கைகாட்டிவிட, அம்மு நேரே என் கடை வாசலில் வந்து பெட்டிகளை இறக்கினாள். "இன்னா நைனா இது? வஞ்சிரம்னு நெனச்சு எட்த்தேன், ஐஸைத் தள்ளிப் பாத்தா அட்டை போட்ட புக்கு கீது, நடுவுல பயறு மொளைச்சுக்கினு கீது! இத்த நான் கொழம்பு வைக்கிறதா, வறுக்கிறதா?" என்று அவள் போட்ட சத்தத்தில் தெரு கூடிவிட்டது. நான் பச்சையம்மாவுக்கு ஆள் அனுப்பி ஏலத்தை ரத்து செய்யச் சொன்னேன். "ஏலம் போட்டா போட்டதுதான். எடுத்த பொட்டிய திருப்புனா நாளைக்கு எவன் எங்க பொட்டிய தொடுவான்? கேக்குறத ஒயுங்கா கேளு மாமு" என்று பதில் வந்தது. துறைமுகத்து நியாயம் அது, நான் என்ன செய்ய? ஆகச் சட்டப்படி இப்போது தங்கள் ஆல்பங்களுக்கு உரிமையாளர் அம்மு. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "எட்த்த சரக்க நான் வீணாக்க மாட்டேன். ஈரம்தானே போவணும் உனக்கு? காய வைக்கிறது என் தொழிலு. காஞ்சப்புறம் நீயே எட்த்துக்கோ" என்றாள்.

அவர்கள் முறைப்படி சரக்கை முதலில் கடல் தண்ணீரில் நன்றாக அலச வேண்டும், பிறகு உப்புப் போட வேண்டும், பிறகு மணலில் பழைய வலையை விரித்து வெயிலில் காயப்போட வேண்டும். நடுவில் கீறிக் குடலை எடுக்கிற வேலையும் உண்டு. அதை மட்டும் நான் காலில் விழாத குறையாகத் தடுத்தேன். மூன்று நாள் குப்பத்து மணலில் நெத்திலிக்கும் வாளைக்கும் நடுவில் தங்கள் ஆல்பங்கள் காய்ந்தன. நானும் கடையை விட்டுவிட்டுக் காக்காய் விரட்டினேன். இந்தப் பக்கத்துப் பூனைகள் அத்தனையும் படிப்பில் ஆர்வம் வந்தது போல நோட்டுகளைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. ஒரு அம்மாள் ஒரு நோட்டைத் தூக்கி மோந்து பார்த்து, "இது இன்னா கருவாடு? முள்ளு கீதா?" என்று கேட்டுவிட்டு, விலை படியவில்லை என்று போய்விட்டாள்.

நேற்று காய்ந்துவிட்டது. திறந்தோம். அத்தான், மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். காகிதம் அருமையாக வந்திருக்கிறது, அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று இருக்கிறது, ஒரு பூஞ்சை இல்லை. படம்தான் இல்லை. ஒரு பக்கத்தில் இல்லை, எந்தப் பக்கத்திலும் இல்லை. குரங்கு சைக்கிள் ஓட்டுகிற படம், பாகற்காய்ப் படம், தலைகீழ்க் கப்பல், எல்லாம் போய் வெள்ளைத் தாளாக இருக்கிறது. தங்கள் ஆயுசில் பாதியை நான் அழித்துவிட்டேன். நான் மணலில் உட்கார்ந்து அழுதேன் அத்தான், அம்முவும் கூட உட்கார்ந்தாள். "அயாத நைனா. உப்பு கொஞ்சம் தூக்கலாயிருச்சு போல. இன்னொரு பொட்டி இருந்தா சொல்லு, காசு வேணாம், கை பயகிடுச்சு, இந்த வாட்டி சூப்பரா போட்டுத் தரேன்" என்று ஆறுதல் சொன்னாள்.

இதற்கு ஈடு செய்ய என்னால் முடியாது. முடிந்த ஒன்றைச் செய்கிறேன். அப்பா காலமானதிலிருந்து அக்கா கேட்டு, நான் தரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, இரண்டு பொங்கலுக்கு நாம் பேசாமலே இருந்தோமே, அந்தப் பெண்டுலம் கடிகாரம், அதை அக்காவே வைத்துக்கொள்ளட்டும். சாவியோடு தருகிறேன். மனப்பூர்வமாகத் தருகிறேன். பேப்பர் கடை வேண்டாம் என்று தாங்கள் அன்றே சொன்னதும் சரிதான். நான்தான் கேட்கவில்லை.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு ஆசி. கண்காட்சி அன்று மழை பெய்து யாரும் வராமல் போக இங்கிருந்தே வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்பு மைத்துனன்,
உச்சிமாகாளி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ராமசெல்வி என் முன்னால் வந்து நின்று, "இப்பவாவது வாயத் திறக்கலாமா?" என்றாள். திறந்தாள். அத்தான், நனைந்தது தங்கள் பெட்டியே இல்லை! அது என் பெட்டி. பேப்பர் கடையில் விற்காமல் மிஞ்சிய, ஒன்றும் எழுதாத வெள்ளை நோட்டுகள். தங்கள் பெட்டியை அவள் போன வருஷமே மேல் தட்டில் அப்பளத்துக்குப் பின்னால் ஏற்றி வைத்துவிட்டாளாம். சுஜாவை அனுப்பி எடுத்து வந்து திறந்தோம், குரங்கு, பாகற்காய், தலைகீழ்க் கப்பல், ஒரு சொட்டு ஈரமில்லாமல் எல்லாம் அப்படியே இருக்கிறது. தாங்கள் வந்தவுடன் எடுத்துப் போகத் தோதாகக் கடை வாசலிலேயே வைத்துவிட்டேன். ஆகவே கடிகாரம் பற்றி மேலே எழுதிய வரிகளை அடித்துவிடவும். பேப்பர் கடை நொடித்ததற்கும் நேரம் சரியில்லாததுதான் காரணம்.

பி.கு. 2: கடிகாரத்தை அக்காவே வைத்துக்கொள்ளட்டும். நான் உறைக்குப் பசை தேடி உள்ளே போன நேரத்தில் அம்மு இந்தப் பக்கம் வந்திருக்கிறாள், வாசலில் இன்னொரு பச்சைப் பெட்டியையும் உள்ளே அதே மாதிரி நோட்டுகளையும் பார்த்திருக்கிறாள், சொன்ன சொல்லைக் காப்பாற்றத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் மூச்சு வாங்கக் குப்பத்துக்கு ஓடியபோது அலசி முடித்துவிட்டாள். "பாரு நைனா, படமெல்லாம் தானா உரிஞ்சு வந்துருச்சு" என்று கடலைக் காட்டினாள். தலைகீழ்க் கப்பல் அலையில் போய்க்கொண்டிருந்தது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும் அத்தான், இப்போது அது நேராகத்தான் மிதக்கிறது.