வாரா வாரம் ஒழுகிய டர்போ

காரை விற்றே தீருவது என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் முடிவெடுத்தபோது, மகள் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஏழே நாள் காய்ச்சல். எழுந்து நடக்க முடியாதவர்களின் வீடு தேடிப் போய்க் கைகால் பயிற்சி கொடுத்தவள் அவள். அவள் ஓட்டிய பதினான்கு வருஷத்து டீசல் கார் வாசலில் நின்றது. அது கண்ணில் படக்கூடாதென்று ஜன்னலைச் சாத்திவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். கடையும் படுத்துவிட்டது.

"வித்துடறேன்" என்றார் ஒருநாள், சுவரைப் பார்த்தே.

"தாராளமா வித்துடுங்க. ஆனா கீழே எண்ணெய் ஒழுகுது. ஒழுகற வண்டியை எவன் வாங்குவான்?" என்றாள் மனைவி.

ஐந்து மாதத்தில் முதல்முறையாக அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

கசிவு டர்போவுக்கு அடியில். எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டுகிற அந்த நத்தைக்கூட்டுக்கு மேல்குழாய் எண்ணெய் கொண்டுவரும், கீழ்க்குழாய் திருப்பி அனுப்பும். கீழ்க்குழாயின் வாஷர் நைந்திருந்தது. புதிது போட்டு, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, இருபது நிமிடம் எஞ்சினை ஓடவிட்டார். டிரைவர் சீட் மகள் வைத்துப்போனபடியே முன்னால் தள்ளி இருந்தது. அதை நகர்த்த மனசு வரவில்லை. முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்க, மடங்கி உட்கார்ந்து அழுதார். எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

இறங்கிப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டி பார்க்க வந்தவர் குனிந்தார், நிமிர்ந்தார், நடையைக் கட்டினார். கீழே உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்!

மறுவாரம் மேல்குழாயை மாற்றினார். அதற்கு அடுத்த வாரம் காற்றுக்குழாயைக் கழற்றி, டர்போவின் தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தார்.

"தண்டு கொஞ்சம்கூட ஆடலை, தெரியுமா?"

"நீங்கதான் ஆடிப்போயிருக்கீங்க. சாப்பிட வாங்க."

சைலன்சரில் எண்ணெய் எரிகிற நீலப்புகை இல்லை. ஆயில் அளவும் குறையவில்லை. ஆனாலும் கீழே எண்ணெய். சாமான் வாங்கக் கடைத்தெருவுக்கு நடையாய் நடந்தார். போகிற வழிதானே என்று தன் கடையையும் திறந்தார். பசித்தது. தூக்கம் வந்தது.

ஆறாவது வாரம் மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். அவர் விரலால் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்.

"சார், டீசல் வண்டியில ஆயில் ஊத்தின மறுநாளே கன்னங்கரேல்னு ஆயிடும். இது பளபளன்னு மின்னுது. மோந்து பாருங்க."

மோந்தார். சமையலறை வாசனை.

"வண்டி ஒழுகலை சார். யாரோ தாளிக்கிறாங்க."

ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டியவர், தன் மூக்குக்குக் கீழே நடப்பதைப் பார்க்கவில்லை. கீழே இருந்ததைத் துடைத்துவைத்தார், மறுநாள் காலை குளிப்பதுபோலக் குழாயைத் திறந்துவிட்டு எட்டிப் பார்த்தார். மனைவி கரண்டியோடு குந்தியிருந்தாள். டர்போவுக்கு நேர்கீழே, அளந்து அளந்து ஊற்றினாள். பிறகு முன்கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள்.

பெற்றவளுக்கு அந்த வண்டியைப் பிரிய மனமில்லை, இதுகூடப் புரியாத கல்நெஞ்சனாகிவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். மத்தியானம் தட்டின் முன் உட்கார்ந்ததும் தியாகியின் குரலில் அறிவித்தார்.

"காரை விக்கப்போறதில்லை."

"ஏன்? வித்துடலாமே. இரும்புதானே அது. அவளா?"

"பின்ன எதுக்கு எண்ணெய் ஊத்தினே?"

அவள் கை கரண்டியோடு நின்றது.

"முதல்ல ஒழுகினது நிஜம். நீங்க அதைச் சரி பண்ணினதும் எனக்குப் பயம் வந்துடுச்சு. ஒழுக்கு நின்னா திரும்பவும் போய்ப் படுத்துடுவீங்களே? அவ ஒருத்தி போனா. ஆனா இந்த வீட்ல ரெண்டு பேர் இல்லாம நான்தாங்க தனியா இருந்தேன்."

இத்தனை மாதத்தில் அவள் அழுது அவர் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். தட்டைத் தள்ளிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே படுக்க மாட்டேன். சத்தியமா" என்றார்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அதெல்லாம் நான் நம்பறதுக்கில்லை. காலையில சீக்கிரம் எழுந்திருங்க. நாளைக்கு வாஷிங் மெஷின் கெட்டுப்போகுது."