பூஜ்யக் கேடயம்

வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளையும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளையும் சிறு வயதிலேயே கண்டுபிடிப்பது முகாமின் உயரிய நோக்கம். ஒரு குழந்தையைக்கூடக் கண்டுபிடிக்காத வட்டாரத்துக்குக் கேடயம் என்பது அதைவிட உயரிய நோக்கம். கேடயம் முன்கூட்டியே வந்து, மாலையும் கழுத்துமாக மேடையில் உட்கார்ந்திருந்தது.

கந்தர்வக்கோட்டை ரோட்டில் பஸ்ஸுக்குப் பஸ் ஏறி முந்திரிப்பருப்பு விற்கிற வனிதா, மூன்று வயது பாலாஜியை இடுப்பில் வைத்துக்கொண்டு முண்டியடித்து முன்னால் வந்தாள். பயல் இன்னும் ‘அம்மா’ சொல்லவில்லை. பேச்சுப் பயிற்சிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு வேண்டும். வாங்காமல் நகர்வதாக இல்லை.

முகாம் அலுவலர் லூர்துநாதன் மைக்கிலேயே கூப்பிட்டார். “பாலாஜி!”

பாலாஜி மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நல்ல வளர்ப்பும்மா. கண்டவன் கூப்பிட்டாத் திரும்பல.”

“நான் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்கிறான் சார். பேச்சும் வரல.”

“பேசி என்னம்மா ஆகப்போவுது? எனக்குப் பேச வந்தும், சர்வீஸ் பூரா ‘சரிங்கய்யா’ மட்டுந்தான் சொல்லியிருக்கேன்.”

பின்னால் தன் பிள்ளையோடு நின்ற பக்கத்து வீட்டுக்காரி சின்னப்பிள்ளை, வனிதாவின் முதுகில் இடித்தாள். “சும்மா இருடி. ஊருக்கு வர்ற கேடயத்தக் கெடுக்காத. ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் பேசும்.”

மற்ற தாய்மார்களும் தலையாட்டினார்கள். அலுவலர் கேடயத்தைத் துடைக்கத் திரும்பிக்கொண்டார்.

“சார்!” என்றாள் வனிதா. “ஐயா!” என்றாள். “யோவ்!” என்றும் கூப்பிட்டுப் பார்த்தாள். தலை அசையவில்லை.

ஆத்திரத்தில் கூடையிலிருந்த வறுத்த முந்திரிப் பொட்டலத்தை எடுத்துப் பல்லால் கிழித்தாள். பை சரசரத்தது.

லூர்துநாதன் திரும்பினார். மேடையில் கேடயம் கொடுக்க வந்திருந்த சிறப்பு விருந்தினர் திரும்பினார். பாலாஜியும் திரும்பினான்.

“திரும்பிட்டான்! நார்மல்னு போடுங்க!” என்றார் லூர்துநாதன்.

“நீங்களுந்தான் கூப்பிட்டதுக்குத் திரும்பல, பொட்டலத்துக்குத் திரும்புனீங்க. ஒங்களுக்கும் சேத்து ரெண்டு சீட்டாப் போடுங்க!”

விருந்தினர் சிரித்துவிட்டார். லூர்துநாதன் குரலை இறக்கினார். “அடுத்த வருசம் மொதச் சீட்டு ஒனக்குத்தான்.”

“அடுத்த வருசம் காய்க்கிற முந்திரிய இன்னிக்குத் திம்பீங்களா?”

“கேடயம் போயிரும்மா!”

“அப்ப, பக்கத்து வட்டாரத்துப் புள்ளைன்னு எழுதுங்க.”

அலுவலரின் முகம் மலர்ந்தது. இத்தனை வருட சர்வீஸில் இது தோன்றாமல் போயிற்றே! சீட்டும் வந்தது, கேடயமும் தங்கியது. கைதட்டலில் பந்தல் அதிர்ந்தது. பாலாஜி மட்டும் காதைப் பொத்திக்கொண்டான்.

வனிதா பந்தலைத் தாண்டியிருக்கமாட்டாள், சின்னப்பிள்ளை ஓடிவந்து கையைப் பிடித்தாள். அவளுக்குப் பின்னால், சற்றுமுன் தலையாட்டிய தாய்மார்கள், இடுப்பில் பிள்ளையோடு.

“கோவிச்சுக்காதடி. எங்க புள்ளைகளுக்கும்... அந்தப் பக்கத்து வட்டாரத்துல எடம் இருக்குமா?”