நூற்றுக்கு நூறு எனும் குறை

எத்தனையோ பேருந்துக் கழகங்கள் பேருந்து ஓட்டிக்கொண்டே காலத்தைக் கழித்துவிட்டன. இந்தக் கதையில் வரும் கழகம் அப்படிப்பட்டதல்ல. அது ஒரு நல்ல நாளில் விழித்துக்கொண்டது. "இத்தனை காலமும் வண்டிகளையே கவனித்து வந்திருக்கிறோம், இனி மனிதர்களைக் கவனிப்போம்" என்று தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. வண்டிகளுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. அதற்கு முன்பும் அவற்றை யாரும் பெரிதாகக் கவனித்ததில்லை.

முதல் வேலையாகப் பெயர்ப்பலகைகள் மாறின. டெப்போ மேனேஜரின் அறை வாசலில் 'ஊழியர் வளர்ச்சித் துணைவர்' என்று எழுதினார்கள். நடுவில் மேசை இருந்தால் பெரியவர், சின்னவர் என்ற எண்ணம் வருமாம். அதனால் மேசையை எடுத்துவிட்டு, முழங்கால்கள் இடிக்கும்படி இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டார்கள். மேசை போனதால் மேனேஜர் எல்லாக் காகிதங்களையும் மடியில் அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஊழியர் உள்ளே வந்தால் எழுந்து வரவேற்க வேண்டும் என்று சுற்றறிக்கையில் இருந்தது. எழுந்தால் காகிதம் சரியும் என்பதால் அந்த ஒரு விதியை மட்டும் அவரால் கடைப்பிடிக்க முடியவில்லை.

அந்த டெப்போவின் டைம் கீப்பரை எல்லோரும் 'கடிகாரம்' என்றே கூப்பிட்டார்கள். மச்சினன்கூட அப்படித்தான் கூப்பிடுவான். டெப்போ வாசலை ஒட்டி ஜன்னல் வைத்த சின்ன அறை அவருடையது. அங்கிருந்து அவர் விசில் ஊதினால் வண்டி கிளம்பும். ஊதாமல் எந்த வண்டியும் நகராது. ஊதிய பிறகு எந்த டிரைவரும் டீயை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல முடியாது. ஆறரை வண்டி ஆறரைக்குக் கிளம்பும். அதில் அவருக்குப் பெருமை உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார், அவ்வளவுதான்.

அந்த ஆறரை வண்டியில்தான் அவர் மனைவியும் போவார். கண் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் இடத்தில் அவருக்கு வேலை. ஆஸ்பத்திரியில் அவரை இறக்கிவிட்டு வண்டி மலையடிவாரம் வரை, பாதி நாள் தூரம் போகும். ஒரே மகள் பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரியில் எல்லோருக்கும் மதிப்பெண் போட்டார்கள். டிசம்பரில் மறுபடியும் போடுவார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ஊழியரின் வளர்ச்சி. கடிகாரத்துக்கு அழைப்பு வந்தது.

"உட்காருங்க. எப்படி இருக்கீங்க?" என்றார் மேனேஜர்.

"நல்லா இருக்கேன் சார்."

"அப்படி இல்ல. உள்ளுக்குள்ள, நிஜமா, எப்படி இருக்கீங்க?"

கடிகாரம் யோசித்துப் பார்த்தார். "ஏழே கால் வண்டிக்கு நேரமாச்சு சார்."

"வண்டி கிடக்கட்டும். நீங்கதான் முக்கியம்." மேனேஜர் மடியிலிருந்து ஒரு காகிதத்தை உருவினார். "மனசைத் திடப்படுத்திக்குங்க. உங்களுக்கு நூத்துக்கு நூறு வந்திருக்கு."

"ரொம்ப சந்தோஷம் சார்."

"எனக்குச் சந்தோஷமா இல்லையே. டிசம்பர்ல எவ்வளவு வாங்குவீங்க?"

"அப்பவும் நூறுதான் சார்."

"நூறுல நூறு போனா?"

"ஒண்ணுமில்ல."

"அதுதான் உங்க வளர்ச்சி." மேனேஜரின் குரல் தழுதழுத்தது. "வண்டி கழுவறவரைப் பாருங்க. பன்னெண்டு மார்க். அவருக்கு எவ்வளவு எதிர்காலம் இருக்கு! தலைமை அலுவலகத்துல அவரைப் பத்தித்தான் பேச்சு. உங்களை 'தேக்கநிலை ஊழியர்'னு எழுதிட்டாங்க. அப்படிப்பட்டவங்களை மலையடிவார டெப்போவுக்கு அனுப்பறாங்க. அங்க ஒரே ஒரு வண்டி. மழை பெஞ்சா அதுவும் கிடையாது. வளரறதுக்கு நிறைய இடம் இருக்கு."

கடிகாரம் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். "சார், பொண்ணுக்கு அடுத்து பன்னெண்டாம் வகுப்பு. வீட்டுக்காரிக்கு வேலை இங்க. என்னை அங்க போட்டா குடும்பம் ரெண்டாப் போயிடும்."

ஊழியர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பதும், கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதும் சுற்றறிக்கையின் கட்டளை. "உங்க குடும்பம் ரெண்டாப் போயிடும்னு சொல்றீங்க. சரியாக் கேட்டேனா?" என்றார் மேனேஜர்.

"ஆமா சார்."

மேனேஜர் காகிதத்தில் ஒரு டிக் அடித்தார். பிறகு நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. இந்த மார்க்கை ரத்து பண்ணிட்டு ஜூன்ல மறுபடி போடச் சொல்றேன். அதுக்குள்ள நீங்க கெட்டுப் போயிடணும். ஜூலையிலேர்ந்து வளரலாம்."

"எப்படி சார் கெட்டுப் போறது?"

"வண்டியை லேட்டா விடுங்க."

"எனக்குத் தெரியாதே சார்."

"தெரியாதுன்னு ஒத்துக்கிட்டீங்க பாருங்க, அதுதான் முதல் படி. நான் இருக்கேன். கூடவே இருந்து சொல்லித் தரேன்."

மறுநாள் காலை ஆறரைக்குக் கடிகாரம் விசிலை வாயில் வைத்தார். ஊதவில்லை. நெற்றியில் வியர்த்தது. மீசை வைத்திருந்ததால் 'மீசை' என்று பெயர் பெற்ற டிரைவர் வண்டியை விட்டு இறங்கி ஓடி வந்தார்.

"அண்ணே, நெஞ்சு வலியா?"

"இல்லப்பா. வளர்ச்சி."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

மீசை அவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்கச் சொன்னார். வண்டி ஜன்னல் வழியாக மனைவி பார்த்துக்கொண்டிருப்பது கடிகாரத்துக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் திரும்பாமலே விசிலை ஊதிவிட்டார்.

"ரெண்டே நிமிஷமா?" என்று மேனேஜர் ஆதங்கப்பட்டார். "உங்ககிட்ட திறமை இருக்கு. நீங்கதான் உங்களை நம்ப மாட்டேங்கறீங்க."

நம்பிக்கை மெல்ல மெல்ல வந்தது. ஐந்து நிமிஷம் தாமதித்த அன்று மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார். பத்து நிமிஷத்தை எட்டியபோது, மடியிலிருந்த காகிதம் அத்தனையும் சரிய, எழுந்து நின்று கைகொடுத்தார். கடிகாரம் இருபது நிமிஷத்தைப் பிடித்தபோது டெப்போவே அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. நூறு வாங்கியிருந்த மற்றவர்களும் கெடத் தொடங்கினார்கள். கண்டக்டர்கள் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தார்கள். மெக்கானிக் ஒரு பிரேக்கைக் கெடுக்கலாமா என்று அனுமதி கேட்டார். மேனேஜர் பெருந்தன்மையோடு, ஹாரன் வரைக்கும் கெடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

பயணிகள் முதல் வாரம் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். இரண்டாவது வாரம் பழக்க தோஷத்தில் திட்டினார்கள். மூன்றாவது வாரம் அவர்களே தாமதமாக வந்தார்கள்.

"உங்களால நான் ஆஸ்பத்திரில பேச்சு வாங்கறேன். கடமை தவறாத மனுஷன்னு நம்பித்தானே உங்களைக் கட்டிக்கிட்டேன்?" என்றார் மனைவி.

"கொஞ்சம் பொறுத்துக்கோ. நான் இப்பக் கெடலைன்னா மலையடிவாரம்தான்."

மனைவிக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் கெஞ்சிக் கூத்தாடி, சற்றுப் பிந்தி வரும் ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். காலையில் அடித்துப் பிடித்து ஓட வேண்டியதில்லை என்றானது. "கல்யாணம் ஆனதுலேர்ந்து இப்பத்தாங்க காபியைச் சூடாக் குடிக்கறேன்" என்று ஒருநாள் அவரே சொன்னார். கடிகாரத்துக்கு ஒரு பக்கம் வெட்கமாகவும் ஒரு பக்கம் ஆறுதலாகவும் இருந்தது.

ஜூனில் அவருக்கு முப்பத்தொரு மதிப்பெண் வந்தது. மேனேஜர் டெப்போ முழுவதும் சாக்லேட் கொடுத்தார்.

ஜூலை முதல் தேதி கடிகாரம் விடியுமுன் எழுந்தார். யாரிடமும் சொல்லவில்லை. ஆறரை அடித்ததும் மூச்சை இழுத்துப் பிடித்து ஊதினார். ஆறு மாதமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது அந்த விசிலோடு வெளியே போனது. வண்டி கிளம்பியது. அதற்குள் டிரைவரும் கண்டக்டரும் மட்டும் இருந்தார்கள்.

கால் மணி கழித்து ஜனங்கள் வந்தார்கள். வண்டியைக் காணாமல் டெப்போ ஜன்னலை மொய்த்தார்கள். ஈரத்தலையோடு முன்னால் நின்ற ஒரு அம்மாள் கம்பியைப் பிடித்து உலுக்கினார்.

"எந்தக் கட்டையில போறவன் வண்டியை நேரத்துக்கு அனுப்பினது?"

"நான்தான்" என்றார் கடிகாரம். அந்த அம்மாள் அவருடைய மனைவிதான்.

"நீங்களா? வீட்டுல ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"ஆச்சரியப்படட்டும்னு நினைச்சேன்."

"பட்டுட்டேன்" என்றார் மனைவி.

அன்றிலிருந்து புகார் மழைதான். வண்டி லேட்டாக வந்தபோது வந்த புகார்களைவிட, நேரத்துக்குப் போனதற்கு வந்த புகார்கள் அதிகம். ஜனங்கள் தங்கள் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. கழகம்தானே திருந்த வேண்டும், நாங்கள் ஏன் திருந்த வேண்டும் என்று கேட்டார்கள். வண்டி தினமும் காலியாக, மிகச் சரியான நேரத்துக்குக் கிளம்பிப் போனது. மதிப்பெண் வண்டியின் நேரத்துக்குத்தான், உள்ளே ஆள் இருப்பதற்கு அல்ல. டிசம்பரில் கடிகாரம் மறுபடி நூறு வாங்கினார். அறுபத்தொன்பது வளர்ச்சி. கழகத்திலேயே அவர்தான் முதல்.

பாராட்டு விழாவுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் வந்தார். விழாவுக்காக அன்று எல்லா வண்டிகளும் நிறுத்தப்பட்டன. போக வழியில்லாத பயணிகளைக் கொண்டு நாற்காலிகள் நிரப்பப்பட்டன. "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று இயக்குநர் மக்களைப் பார்த்து மனம் விட்டுக் கேட்டார்.

"ஆறரை வண்டி ஆறு ஐம்பதுக்குக் கிளம்பணும்" என்றார்கள் மக்கள்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்த மேடையிலேயே கால அட்டவணை திருத்தப்பட்டது. பிறகு அவர் கடிகாரத்தின் தோளில் கை போட்டார். "இவ்வளவு வளர்ந்த ஒருவரை ஒரே இடத்தில் முடக்கி வைப்பது அவருக்கு நாம் செய்யும் துரோகம். எனவே இவரை, வளர்ச்சி மிகவும் தேவைப்படும் மலையடிவார டெப்போவுக்குப் பெருமையுடன் அனுப்பி வைக்கிறோம்."

பலத்த கைதட்டல். மனைவியும் தட்டினார். தட்டிக்கொண்டிருக்கும்போதே விஷயம் உறைத்து, கை அப்படியே நின்றது.

விழா முடிந்ததும் கடிகாரம் மேனேஜரிடம் ஓடினார். "சார், அங்க போகக்கூடாதுன்னுதானே வளர்ந்தேன்?"

"அப்பப் போயிருந்தா அது தண்டனை. இப்பப் போறது மரியாதை."

"போற ஊரு?"

"அதே ஊருதான்." மேனேஜர் அவர் கைகளைப் பற்றிக்கொண்டார். "உங்களுக்கு வருத்தமா இருக்குன்னு சொல்ல வர்றீங்க. சரியாக் கேட்டேனா?"

வீட்டுக்கு வந்து கடிகாரம் அழுதார். "பரீட்சைக்கு நீங்க இருக்க மாட்டீங்களாப்பா?" என்று மகள் கேட்டபோது, வளர்ந்துவிட்டேன் என்பதைத் தவிர அவளிடம் சொல்ல அவருக்கு வேறு காரணம் இல்லை.

போய்ச் சேர வேண்டிய நாள் வந்தது. "வண்டி ஆறு ஐம்பதுக்குத்தானே, நிதானமாச் சாப்பிடுங்க" என்றார் மனைவி. கடிகாரம் நிதானமாகச் சாப்பிட்டார். ஆளுக்கொரு பக்கம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருவரும் டெப்போ வாசலுக்கு வந்தபோது மணி ஆறே முக்கால். ஜனங்கள் நின்றிருந்தார்கள். வண்டி இல்லை.

"ஆறேகாலுக்கே போயிடுச்சாம்" என்றார் கைப்பையோடு நின்ற ஒரு பள்ளி ஆசிரியர்.

"ஏன்?"

"புது டைம் கீப்பர். லேட்டா விட்டா நாங்க பழகிடுவோம், மறுபடி அட்டவணையையே மாத்தச் சொல்லிடுவோம், அப்புறம் மார்க் குறையாதாம். அதான் முன்னாடியே விடறாரு. ஜூன் வரைக்கும் இப்படித்தான். இப்பக் கெட்டாத்தானே பிறகு வளர முடியும்? பாவம், அவருக்கும் குடும்பம் இருக்கு."

யாரும் கோபப்படவில்லை. நாளையிலிருந்து ஆறு மணிக்கே வந்துவிட்டால் போயிற்று என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் ஆமோதித்துக் கலைந்தார்கள்.

மனைவி பதறினார். "என்னங்க, முதல் நாளே போய்ச் சேரலைன்னா அங்க என்ன மார்க் போடுவாங்க?"

"சைபர்தான்" என்றார் கடிகாரம். சொல்லிவிட்டுப் பெட்டி மேல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். விழா நாளிலிருந்து இருண்டு கிடந்த முகம் தெளிந்தது. "சைபர்ல ஆரம்பிச்சா டிசம்பர்ல நூறு வளர்ச்சி. அவ்வளவு வளர்ந்தவனை அந்த ஊர்ல முடக்கி வைக்க மாட்டாங்க. இங்கதான் திருப்பி அனுப்பணும்."

மனைவி அவரையே பார்த்தார். பிறகு குனிந்து பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"அப்ப எழுந்திருங்க, வீட்டுக்குப் போகலாம். நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்து வண்டியைத் தவற விட்டுடலாம்."