ரீடேக்கும் ஒன்பது சதவீத சார்ஜும்

ரீடேக்கைப் போல ஒருத்தி சித்தூர் ஜில்லாவில் அதற்கு முன் பிறந்ததில்லை. பிறந்திருந்தாலும், "சரியா வரல, இன்னொருவாட்டி பொறந்து வாங்க" என்று எங்கள் ரீடேக்கே திருப்பி அனுப்பியிருப்பாள்.

திருப்பதியில் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி அவள்; ரீடேக் நாங்கள் வைத்த பெயர். நாங்கள் செய்யும் எதுவும் அவளுக்கு முதல் தடவையில் திருப்தி தராது. வார்டன் குட்மார்னிங் சொன்னால், "மேடம், சிரிப்பு லேட்டா வந்துச்சு, மறுபடி சொல்லுங்க" என்பாள். ரேணிகுண்டா பஸ்ஸில் கண்டக்டர் விசில் அடித்த விதம் சரியில்லை என்று இன்னொரு தரம் அடிக்கச் சொன்னாள். அடித்தார். பஸ் நின்றது. எங்களை இறக்கிவிட்டார்.

கடைசி வருஷத்தில் ஐந்து நிமிட ஆவணப்படம் எடுக்கச் சொன்னார்கள். செல்போனும் வாழ்க்கையும் என்பது தலைப்பு. இரண்டு பேருக்கு ஒரு படம். எனக்கு வாய்த்தவள் ரீடேக்.

ஒரு வாரம் உட்கார்ந்து திட்டம் போட்டாள். ஐந்து நிமிடத்துக்கு நாற்பத்தோரு கேள்விகள்! சித்தூர் பக்கத்து எல்லைக் கிராமத்துக்காரி அவள். பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் காய் பிரிக்கும் கௌரி அக்காவை முன்பே தெரியும். அவரைத்தான் பேட்டி எடுப்பது என்று ஒரு வெள்ளிக்கிழமை போனோம். மறுநாள் படத்தை ஒப்படைக்க வேண்டும். என் போன் டிஸ்ப்ளே உடைந்து விடுதியில் கிடந்ததால், அவள் போன்தான் கேமரா.

மாங்காய்க் குவியலுக்கு முன்னால் அக்காவை உட்காரவைத்தாள். பக்கத்தில் சாக்கின்மேல் அவருடைய சின்ன மகள். அக்காவின் மடியில் ஒரு பட்டன் போன். அக்கா நன்றாகத்தான் பேசினார். ஆனால் நொடிக்கொரு தரம் பார்வை ரோட்டுக்குப் போய்விடும்.

"ரோட்ட பாத்துக்கினே பேசாதக்கா. என்னைப் பாரு. ரீடேக்!"

இரண்டாவது தடவை லாரி ஹாரன். மூன்றாவதில் ஓர் ஆடு வந்து கேள்வித்தாளில் பாதியைத் தின்றது. மனதுக்குள் அந்த ஆட்டைக் கும்பிட்டேன். நான்காவதில் மறுபடியும் ரோடு.

"ஒரே வார்த்தையில சொல்லுக்கா. செல்போன்னா உனுக்கு இன்னா?"

"வெள்ளிக்கெழம."

"கெழம கேக்கலக்கா! ரீடேக்!"

ஏழாவது தடவை அக்காவின் கண் கலங்கியிருந்தது. ரீடேக் போனைத் தாழ்த்தினாள். "யாராச்சும் வரணுமாக்கா?"

அப்போதுதான் சொன்னார். கணவர் குவைத்தில் டிரைவர். மகள் பிறக்கும் முன்பே போனவர். வெள்ளிக்கிழமைதான் லீவு. அன்றைக்குக் கொழுந்தனார் தன் டச் போனோடு வருவார், வீடியோ காலில் பேசுவார்கள்.

"இன்னிக்கி ஆளக் காணோம். நாளிக்கி அவரு பாலைவனத்துக்கு வேலைக்குப் போறாரும்மா. ரெண்டு மாசத்துக்கு டவர் கெடைக்காதாம். பாப்பா நடக்கறத பாக்கணும்னாரு."

போனில் சார்ஜ் ஒன்பது சதவீதம். மண்டியில் கரண்ட் இல்லை. "வேணாண்டி, இன்னும் ஒரு நல்ல டேக்கூட வரல" என்று அவள் காதில் கெஞ்சினேன்.

"நம்பர் சொல்லுக்கா" என்றாள் ரீடேக்.

பாப்பா நாலடி நடந்து, மாங்காய்மேல் விழுந்தது. போனுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் உடைந்துபோய்க் கேட்டது: "இன்னொருவாட்டி நடக்கச் சொல்லு கௌரி, இன்னொருவாட்டி!"

ஐந்து முறை நடந்தது பாப்பா. போனை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள் ரீடேக். அந்த ஐந்து முறையும் அவள் யாரையும் திருத்தவில்லை. பிறகு போன் அணைந்தது.

ரோட்டைப் பார்க்கும் பேட்டியையே ஒப்படைத்தோம். "கேமரா வைப்பு சூட லேதே, எந்துக்கும்மா?" அக்கா ஏன் கேமராவைப் பார்க்கவே இல்லை என்று கேட்டார் மார்க் போடும் தெலுங்கு மேடம். "தப்பு மாதே மேடம்" என்று பழியை எங்கள்மேல் போட்டுக்கொண்டாள் ரீடேக். வெறும் பாஸ் மார்க்கோடு வெளியே வந்தோம். நான் கோபத்தில் குதித்தேன்: "காரணத்தச் சொல்லியிருந்தா என்னடி?"

"அவுங்க அழுததச் சொல்லியா மார்க் வாங்கறது?"

படிப்பு முடிந்ததும் ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். வேலை நேரத்தில் போனை வாசலில் கொடுத்துவிட வேண்டுமாம். முதலில் ஞாயிறுதோறும் பேசினாள். பிறகு எப்போதாவது. ஒருநாள் நான் கூப்பிட்டபோது, அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது.

அதற்குப் பிறகு நான் மூன்று போன் மாற்றிவிட்டேன். நம்பரை மட்டும் மாற்றவில்லை. என்றைக்காவது அவள் கூப்பிடும்போது வேறு யாரோ எடுத்துவிடக் கூடாது.